அடைபட்ட மதகுகள்: வெற்றிலை நாட்டில் ஒரு நோயின் வரலாறு

தஞ்சையிலிருந்து குடந்தைக்குச் செல்லும் சாலையில் ஐயம்பேட்டை, பண்டாரவாடை, இராஜகிரி, பாபநாசம் ஆகிய ஊர்களைக் கடப்போர், நெல்வயல்களுக்கு நடுநடுவே அகத்தி மரங்கள் வரிசையாய் நிற்கும் கொடிக்கால்களைக் காண்பர். காவிரியின் வண்டலும் கிளையாறுகளின் ஈரமும் அகத்தியின் நிழலும் சேர்ந்து வளர்க்கும் அந்த இலைக்குக் கும்பகோணம் வெற்றிலை என்று பெயர். 2025-ஆம் ஆண்டில் இதற்குப் புவிசார் குறியீடும் வழங்கப்பட்டது. கொடிக்கால் வேளாண்மையிலும் இலை வணிகத்திலும் இப்பகுதி முஸ்லிம் குடும்பங்களுக்கும் பங்குண்டு. திருமணப் பேச்சு உறுதியாவது வெற்றிலை பாக்கு மாற்றித்தான். விருந்து நிறைவுறுவது தாம்பூலத் தட்டு வந்த பின்னர்தான். வெற்றிலைப் பெட்டியும் பாக்குவெட்டியும் சுண்ணாம்பு டப்பியும் இல்லாத பழைய வீட்டைக் காவிரிக் கரையில் தேடிப் பிடிப்பது அரிது.

இத்தகைய நாட்டில் இருந்துகொண்டு வாய்ப்புற்றைப் பற்றி எழுதுவது மங்கல வீட்டில் அமங்கலம் பேசுவது போலச் சிலருக்குத் தோன்றக்கூடும். ஆயினும் எழுதாமல் இருக்க இயலவில்லை. 2022-ஆம் ஆண்டுக்கான மதிப்பீட்டின்படி, அந்த ஓராண்டில் மட்டும் இந்தியாவில் 1 இலட்சத்து 40 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் உதட்டிலும் வாயிலும் புதிதாகப் புற்றுநோய் கண்டவர்களாயினர். அவர்களுள் மிகப் பலர் முற்றிய நிலையிலேயே மருத்துவரிடம் சென்றனர். காலந்தாழ்த்தியதற்கு வறுமை ஒரு காரணம். அச்சமும் வெட்கமும் மற்றொரு காரணம். "அந்த வீட்டு இரத்தத்திலேயே அந்த நோய் இருக்கிறது" என்று ஊரார் பேசினால் பெண் கொடுப்பதும் எடுப்பதும் தடைப்படுமே என்று நோயை மூடி மறைத்த குடும்பங்கள் எத்தனை!

அந்த அச்சத்துக்கு இன்றைய அறிவியல் ஒரு விடை வைத்திருக்கிறது. வாய்ப்புற்றில் நிகழும் கேடுகளுள் ஒரு முக்கியமான கேடு, பிறப்போடு வந்த எழுத்தின் பிழையன்று; நல்ல எழுத்தின் மேல் வாழ்நாளில் விழுந்த பூட்டு. அந்தப் பூட்டைப் பற்றி உலகம் அறிந்துகொண்ட வரலாற்றை, நம் வெற்றிலையின் வரலாற்றோடு சேர்த்து இங்கு எடுத்துரைக்க விழைகிறோம்.

பயணிகள் கண்ட தாம்பூலம்

கி.பி. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டி நாட்டுக் காயல் துறைமுகத்தைப் பற்றி எழுதிய வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ, அவ்வூர் மக்கள் ஓர் இலையை எந்நேரமும் வாயில் வைத்து மென்றுகொண்டிருந்ததைக் குறித்து வைத்தார். ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பின்னர், ஹிஜ்ரி 8-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், மொரோக்கோ நாட்டு இப்னு பதூதா மஃபர் கரையில் வந்து இறங்கினார். மதுரைச் சுல்தான் கியாஸுத்தீன் தாமகானியைச் சந்தித்தார். கொள்ளைநோய் பரவியிருந்த மதுரை நகரையும் கண்டார். அவருடைய பயண நூலில் வெற்றிலைக்கென்றே ஒரு பகுதி உண்டு. திராட்சைக் கொடியைப் போலப் பந்தலிலும் தென்னையிலும் ஏற்றி வளர்ப்பது, காய் கனி எதுவுமின்றி இலைக்காகவே வளர்ப்பது, முதலில் பாக்கைச் சிறு துண்டுகளாக்கி மென்று பின்னர் சிறிது சுண்ணாம்பு தடவிய இலையைச் சேர்ப்பது என யாவற்றையும் அவர் விவரிக்கிறார். வாய் மணக்கும், உணவு செரிக்கும் என்று அதன் பயனையும் கூறுகிறார். தாம்பூலம் என்ற சொல்லே அரபு மொழியில் தன்பூல் என்றாயிற்று.

இவ்விருவரும் கண்ட தாம்பூலத்தில் இலை, பாக்கு, சுண்ணாம்பு ஆகிய மூன்றுதான் தலைமைப் பொருள்கள். புகையிலை அதில் இல்லை; இருந்திருக்கவும் இயலாது. அமெரிக்கக் கண்டத்துச் செடியான புகையிலை, போர்ச்சுகீசியரின் கடல் வணிகத்தைத் தொடர்ந்தே இந்நாட்டுக்கு வந்து சேர்ந்தது. வந்தபின் அது விரைந்து வேரூன்றிவிட்டது. காவிரிப்படுகையின் கடைமடையான வேதாரண்யம் புகையிலைக்குப் பெயர் பெற்றது. நடவிலும் களையெடுப்பிலும் நாள் முழுதும் குனிந்து நின்ற உழவர் குடிப் பெண்கள், பசியையும் களைப்பையும் மறக்கக் கன்னத்துக் கதுப்பில் ஒரு துண்டுப் புகையிலையை அடக்கிக்கொண்டனர். மிராசுதார் வீட்டுத் திண்ணையில் அதுவே பன்னீர் கலந்து மணத்தது. ஏழைக்கும் செல்வருக்கும் பொதுவான பழக்கமாக, தாம்பூலத்தின் நான்காம் பொருளாக அது ஆகிவிட்டது.

ஸரத்தான் என்ற நண்டு

நோயின் பெயரும் ஒரு வரலாறு உடையது. சுற்றிலும் கால் பரப்பிப் பற்றிக்கொள்ளும் கட்டியை நண்டுக்கு ஒப்பிட்டனர் கிரேக்கர். அரபு மருத்துவர்களும் அதை ஸரத்தான், அதாவது நண்டு என்றே அழைத்தனர். மண்ணுக்குள் அரித்துப் பரவும் கறையான் புற்றைக் கண்ட தமிழர் அதைப் புற்று என்றனர்.

அந்தலூஸிய அறுவை மருத்துவ மேதை அஸ்ஸஹ்ராவி, கி.பி. 1000-ஐ ஒட்டி எழுதிய தம் பெருநூலில், இக்கட்டியைத் தொடக்கத்திலேயே கண்டு, கைக்கு எட்டும் இடத்தில் இருந்தால் முழுவதுமாக அகற்றலாம் என்றும், முற்றிப் பெருத்துவிட்டதை அணுகலாகாது என்றும் எழுதினார். முற்றியதைத் தாம் ஒருமுறையும் குணப்படுத்தியதில்லை என்று ஒளிவுமறைவின்றி ஒப்புக்கொண்டார். அவருக்குச் சற்றே பின் வந்த இப்னு ஸீனாவும் சிறிய கட்டியையே அறுக்கலாம், அறுக்கும்போது சுற்றுத் திசுவையும் சேர்த்து நன்றாக அகற்ற வேண்டும் என்றார். ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னரும் "முன்கூட்டிக் காண்க" என்ற அந்த அறிவுரை மாறவில்லை. எது முன்கூட்டி நிகழ்கிறது என்பதை மட்டும் அவர்கள் காலத்தில் காண வழியில்லை.

தென்னாட்டு மருத்துவர்களின் சான்று

வெற்றிலை மெல்லும் பழக்கத்துக்கும் வாய்ப்புற்றுக்கும் உள்ள தொடர்பை எடுத்துரைத்ததில் தென்னாட்டு மருத்துவமனைகள் முன்னின்றன. 1902-இல் சென்னையில் பணியாற்றிய நிப்லாக் என்ற மருத்துவர் இதுபற்றி எழுதினார். 1908-இல் பென்டால் என்பவர், அன்று திருவிதாங்கூரில் இருந்ததும் இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ளதுமான நெய்யூர் மருத்துவமனையின் அனுபவத்திலிருந்து 1,700 புற்றுநோயாளரைப் பற்றிய தொகுப்பை வெளியிட்டார். அதே வட்டாரத்து நோயாளரை ஆராய்ந்த ஆர் என்ற மருத்துவர் 1933-இல் வெளியிட்ட கட்டுரை உலகின் கவனத்தை ஈர்த்தது. கட்டி எழும்புவது பெரும்பாலும் தாம்பூலத்தை அடக்கி வைக்கும் கன்னத்துக் கதுப்பில்தான் என்பதை இம்மருத்துவர்கள் கண்ணாரக் கண்டனர்.

பின்னர் வந்தது நம்மவரின் காலம். 1886-இல் புதுக்கோட்டையில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் 1912-இல் பட்டம் பெற்ற டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அத்துயரத்தை அவர் ஒரு நிறுவனமாக மாற்றினார். 1954-ஆம் ஆண்டு ஜூன் 18-இல் 12 படுக்கைகளுடன் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது. அவருடைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955-இல் வந்து சேர்ந்து 2021-இல் மறையும்வரை அங்கேயே வாழ்ந்த டாக்டர் சாந்தாவும், தென்மாவட்டங்களிலிருந்தும் தஞ்சைத் தரணியிலிருந்தும் வந்த ஏழை நோயாளரைக் காத்தனர். 1959-இல் இவ்விருவரும் வாய்ப்புற்றின் காரணங்களை ஆராய்ந்து பிரிட்டிஷ் ஆய்விதழ் ஒன்றில் எழுதிய கட்டுரை, மெல்லும் புகையிலையின் மேல் விரலைச் சுட்டியது.

இதற்கிடையே மற்றொரு நோயும் இனங்காணப்பட்டது. 1952-இல், ஆப்பிரிக்காவின் கென்யாவில் குடியேறிய இந்தியப் பெண்கள் ஐவரிடம், வாயின் உட்தோல் நார்போல் இறுகி வாய் திறக்க இயலாது போனதை ஷ்வார்ட்ஸ் என்ற மருத்துவர் விவரித்தார். 1953-இல் இந்தியாவிலும் ஜோஷி என்ற மருத்துவர் இதைப் பற்றி எழுதினார். பாக்கு மெல்லுவோரைப் பற்றும் இந்நோய், புற்றுக்கு முன்னோடியாக அமையக்கூடியது என்பது பின்னர் தெளிவாயிற்று.

உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு மையம், புகையிலை சேர்ந்த தாம்பூலம் புற்றை விளைவிக்கும் என்று 1985-இல் தீர்ப்பளித்தது. 2004-இல் வெளியான அதன் தொகுதி, புகையிலை சேராத தாம்பூலமும், பாக்கும்கூடப் புற்றை விளைவிப்பவையே என்று அறிவித்தது. இங்கு நம் கொடிக்கால் உழவர்கள் ஒன்றை நோக்க வேண்டும். அம்மையம் பாக்கையும் புகையிலையையும் தனித்தனியே குற்றஞ்சாட்டியது. வெற்றிலையைத் தனியே குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. இலைக்குக் கெட்ட பெயர் அதன் கூட்டாளிகளால் வந்தது.

"எது விளைவிக்கிறது" என்ற வினாவுக்கு இவ்வாறு விடை கிடைத்தது. "எவ்வாறு விளைவிக்கிறது" என்ற வினா எஞ்சியது. அதன் விடையைத் தேடியோர் உயிரணுவின் உள்ளே புக வேண்டியதாயிற்று.

ஓர் ஏடு, பல மதகுகள்

நம் உடலின் உயிரணு ஒவ்வொன்றிலும் டி.என்.ஏ. என்னும் நீண்ட இழை உண்டு. அடினின், தைமின், குவானின், சைட்டோசின் என்ற நான்கே எழுத்துகளால், ஏறத்தாழ 300 கோடி எழுத்து நீளத்துக்கு எழுதப்பட்ட ஏடு அது. அதில் புரதங்களைச் செய்யும் கட்டளைகளான மரபணுக்கள் ஏறத்தாழ 20,000. கண்ணின் உயிரணுவிலும் கல்லீரலின் உயிரணுவிலும் இருப்பது அதே ஏடுதான். அப்படியாயின் கண் ஏன் கண்ணாகவும் கல்லீரல் ஏன் கல்லீரலாகவும் இருக்கின்றன?

காவிரிப்படுகையில் வாழ்வோருக்கு இதை விளக்குவது எளிது. கல்லணையில் பிரிந்த நீர் ஆறாகவும், ஆற்றிலிருந்து வாய்க்காலாகவும் வருகிறது. வாய்க்கால் தலைப்பில் மதகு உண்டு. மதகுப் பலகை உயர்ந்தால் வயலில் நீர் பாயும், இறங்கினால் பாயாது. வயலிலும் குறையில்லை, விதையிலும் குறையில்லை, பலகை இறங்கியிருக்கிறது, அவ்வளவே. ஒவ்வொரு மரபணுவின் தலைப்பிலும் இத்தகைய ஒரு மதகு உண்டு. கண்ணில் கண்ணுக்குரிய மதகுகள் திறந்திருக்கின்றன, ஏனையவை அடைந்திருக்கின்றன.

அந்த மதகை அடைக்கும் பலகைகளுள் ஒன்றுதான் மெத்தில் என்னும் மிகச் சிறிய வேதிக் கூறு. ஒரு கரியணுவும் மூன்று நீரக அணுக்களும் சேர்ந்தது அது. சைட்டோசின் என்ற எழுத்தின் மேல், பெரும்பாலும் அதற்கடுத்து குவானின் நிற்கும் இடத்தில், இது போய் ஒட்டிக்கொள்கிறது. மரபணுவின் தலைப்பில் இவை திரளாக ஒட்டிவிட்டால், கட்டளையைப் படித்தெடுக்கும் பொறி அதை அணுக இயலாது. எழுத்து ஒன்றும் அழியவில்லை. ஆனால் மரபணு ஊமையாகிவிடுகிறது.

இதை அறிந்த வரலாறு நீண்டது. ஒரே மரபிலிருந்து பல்வேறு உறுப்புகள் எவ்வாறு உருவாகின்றன என்பதை ஆராயும் துறைக்கு 1942-இல் எபிஜெனடிக்ஸ் என்று பெயரிட்டார் வாடிங்டன் என்ற பிரிட்டிஷ் அறிஞர். 1948-இல் நியூயார்க்கில் ரோலின் ஹாட்ச்கிஸ், கன்றின் தைமஸ் சுரப்பியிலிருந்து எடுத்த டி.என்.ஏ.வில் மெத்தில் ஒட்டிய சைட்டோசினின் தடத்தைக் கண்டார். அது எதற்கு என்பது நெடுநாள் விளங்கவில்லை. 1975-இல் கலிபோர்னியாவில் ஆர்தர் ரிக்ஸ் ஒருபுறமும், லண்டனில் ராபின் ஹாலிடேயும் ஜான் பியூவும் மறுபுறமும், ஒருவர் பணியை ஒருவர் அறியாமலே ஒரு கருத்தை வெளியிட்டனர். மெத்தில் குறியே மரபணுவைத் திறக்கவும் அடைக்கவும் பயன்படும் அடையாளம், உயிரணு இரண்டாகப் பிரியும்போது அந்தக் குறியும் படியெடுக்கப்பட்டு இரண்டிலும் தொடரும் என்பதே அக்கருத்து. பின்னர் இது மெய்ப்பிக்கப்பட்டது. தாய் உயிரணுவில் இறங்கிய பலகை சேய் உயிரணுக்களிலும் இறங்கியே இருக்கும். நோயை ஆராய்ந்தோருக்கு இதில்தான் ஒரு பெரிய திறவுகோல் கிடைத்தது.

காவலர்கள் ஊமையான கதை

உயிரணு கட்டுப்பாடின்றிப் பெருகாமல் காக்க, உடலில் காவல் மரபணுக்கள் பல உள்ளன. ஒவ்வொரு மரபணுவும் தாய்வழி ஒன்றும் தந்தைவழி ஒன்றுமாக இரண்டு படிகளாய் இருப்பதால், காவல் முற்றும் நீங்க இரண்டு படிகளும் கெட வேண்டும் என்று 1971-இல் ஆல்ஃபிரட் நட்சன் கண்டுரைத்தார். குழந்தைகளின் கண்ணில் வரும் ஒருவகைப் புற்றை ஆராய்ந்து அவர் அம்முடிவுக்கு வந்தார். அப்போது அறிஞர் பலரும் கேடு என்றால் எழுத்துப் பிழை என்றே கருதினர்.

1983-இல் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஃபைன்பெர்க், வோகல்ஸ்டைன் என்ற இருவர், புற்றுத் திசுவில் மெத்தில் குறிகள் பல இடங்களில் குறைந்துபோயிருப்பதைக் கண்டனர். அடைந்திருக்க வேண்டிய மதகுகள் திறந்து கிடந்தன. ஆனால் கதையின் மறுபாதி 1989-இல் தெரியவந்தது. ஜெர்மனியின் எஸ்ஸன் நகரில், நட்சன் ஆராய்ந்த அதே கண்புற்றைச் சோதித்த குழுவினர், அதற்குரிய காவல் மரபணுவின் தலைப்பில் மெத்தில் குறிகள் திரண்டு ஒட்டியிருந்ததைக் கண்டனர். 1994-இல் சிறுநீரகப் புற்றில் இன்னொரு காவல் மரபணு இவ்வாறே அடைபட்டிருந்தது காணப்பட்டது. 1995-இல், உயிரணுவைப் பிரியவிடாது தடுத்து நிறுத்தும் பி-16 என்ற மரபணு, பல்வேறு புற்றுகளில் எழுத்துப் பிழை இன்றியே ஊமையாக்கப்பட்டிருந்தது தெரிந்தது. 1996-இல் இப்பூட்டுகளை எளிதில் கண்டறியும் சோதனை முறை ஒன்று உருவாயிற்று. பெருஞ்செலவுப் பொறிகள் இல்லாத ஆய்வகங்களும் இத்துறையில் புக அது வழி திறந்தது.

ஆகவே புற்றில் நிகழும் முறைகேடு இரட்டை முறைகேடு. முறை வைத்து நீர் விடும் லஸ்கர் நிலை தவறியவரைப் போல, திறக்கத் தகாததைத் திறந்து, அடைக்கத் தகாததை அடைத்துவிடுகிறது நோயுற்ற உயிரணு.

மதுரையும் இலங்கையும் சொன்னவை

இப்னு பதூதா கொள்ளைநோய் கண்ட அதே மதுரையில், ஆறரை நூற்றாண்டுக்குப் பின் இக்கதையின் தமிழ்நாட்டு அத்தியாயம் எழுதப்பட்டது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் புற்றுநோய் உயிரியல் பிரிவைச் சேர்ந்த விஸ்வநாதனும் ஷண்முகமும், ஜப்பானிய அறிஞர் சுச்சிதாவுடன் இணைந்து, வாய்ப்புற்றுக் கட்டிகளில் ஐந்து மரபணுக்களின் தலைப்புகளைச் சோதித்து 2003-இல் முடிவுகளை வெளியிட்டனர். பி-16, பி-15 என்ற இரண்டும் உயிரணுவின் பெருக்கத்தைத் தடுப்பவை. எம்.எல்.எச்.-1 படியெடுப்பில் வரும் பிழையைத் திருத்துவது. எம்.ஜி.எம்.டி. என்பது நச்சுப் பொருள் டி.என்.ஏ.யில் ஏற்படுத்தும் சேதத்தைச் சீர்செய்வது. ஈ-கேடரின் உயிரணுக்களை ஒன்றோடொன்று பிணைத்து, இடம்விட்டு ஓடாமல் நிறுத்துவது. இந்த ஐந்திலும் மெத்தில் பூட்டைக் கண்டனர் அவர்கள். சில கட்டிகளில் ஒன்று, சில கட்டிகளில் வேறொன்று.

இதன் பொருளை எண்ணிப் பார்க்க வேண்டும். மெல்லும் புகையிலையில் டி.என்.ஏ.வைச் சேதப்படுத்தும் நச்சுகள் உள்ளன. சேதம் நேர்ந்தாலும் சீர்செய்யும் மரபணு விழித்திருந்தால் பெருமளவு தப்பலாம். சீர்செய்வதே ஊமையாகிவிட்டால் ஒவ்வொரு சேதமும் எழுத்துப் பிழையாக நிலைத்துவிடுகிறது. பூட்டு பிழையைப் பெருக்குகிறது. தடுக்கும் மரபணுவும் ஊமையாக, பிழையுற்ற உயிரணு பெருகுகிறது. பிணைக்கும் மரபணுவும் ஊமையாக, அது கழுத்து நெறிக்கட்டிக்குப் பரவுகிறது. எல்லா வாய்ப்புற்றும் இப்பூட்டால் மட்டுமே வருவதன்று. எழுத்துப் பிழைகளுக்கும் அதில் பெரும் பங்குண்டு. இரண்டும் கைகோத்தே நடக்கின்றன.

2008-இல் இலங்கையிலிருந்து வந்த செய்தி இன்னும் கருத்தூன்றத் தக்கது. தாம்பூலம் மெல்லுவோர் வாயில், புற்று தோன்றுவதற்கு முன்னான நிலையில் இருந்த புண்களையும் படைகளையும் ஆராய்ந்தோர், பி-14, பி-15, பி-16 என்னும் மூன்று காவல் மரபணுக்களின் தலைப்புகளும் அடிக்கடி அடைபட்டிருந்ததைக் கண்டனர். அதாவது கட்டி எழும்புமுன்பே பூட்டு விழுந்துவிடுகிறது. பாக்கின் நாரும் சுண்ணாம்பின் காரமும் கதுப்பின் மென்தோலை நாள்தோறும் புண்படுத்துகின்றன. புண் ஆறுமுன் மீண்டும் புண். இவ்வாறு ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் அழற்சி மெத்தில் பூட்டுகளை மிகுவிக்கும் என்பதை வேறு உறுப்புகளின் ஆய்வுகளும் காட்டியுள்ளன. அஸ்ஸஹ்ராவி "முன்கூட்டிக் காண்க" என்றாரே, அந்த முன்நிலையின் உள்ளே நிகழ்வது இதுதான்.

இரத்தத்தின் மீது வீண் பழி

இப்போது நாம் தொடக்கத்தில் எழுப்பிய பேச்சுக்கு வருவோம். மெல்லும் பழக்கத்தால் கதுப்பின் உயிரணுக்களில் விழுந்த மெத்தில் பூட்டு, அந்தக் கதுப்போடு நிற்பது. அது மகனுக்கோ மகளுக்கோ பேரக் குழந்தைக்கோ வழிவழியாகச் செல்வதில்லை. ஒரே பாத்திரத்தில் உண்பதாலும் ஒரே பாயில் படுப்பதாலும் வாய்ப்புற்று ஒட்டிக்கொள்வதும் இல்லை. குடும்ப வழியாக வரும் சில புற்றுகள் உண்டு என்பது மெய்யே. நட்சன் ஆராய்ந்த கண்புற்றின் ஒரு வகை அத்தகையது. ஆனால் நம் படுகையில் வெற்றிலைப் பெட்டியைச் சுற்றி வளர்ந்த வாய்ப்புற்றைக் "குலத்து நோய்" என்று முத்திரை குத்துவது அறிவுக்கும் அறத்துக்கும் பொருந்தாது. ஒரு வீட்டில் பாட்டனுக்கும் தந்தைக்கும் இந்நோய் வந்திருந்தால், இரத்தத்தைச் சோதிக்கும் முன் வெற்றிலைப் பெட்டியைச் சோதிப்பதே முறை. வழிவழியாக வந்தது பெரும்பாலும் அந்தப் பெட்டிதான். புற்று கண்ட வீட்டில் பெண் எடுக்கத் தயங்குவோர் இதைச் சிந்திக்க வேண்டும். அந்தத் தயக்கத்துக்கு அஞ்சி நோயை மறைத்த பெற்றோரும் சிந்திக்க வேண்டும்.

அடைபட்ட மதகு மீண்டும் திறக்குமா? எழுத்தழிந்த ஏட்டைத் திருத்துவது கடினம்; இறங்கிய பலகையை உயர்த்துவது இயலக்கூடியதே. 1964-இல் பிராக் நகர வேதியியலார் செய்த அசாசிட்டிடின் என்ற மருந்து, மெத்தில் பூட்டுகளை நீக்கவல்லது என்பதை 1980-இல் பீட்டர் ஜோன்ஸும் ஷர்லி டெய்லரும் காட்டினர். 2004-இல் அமெரிக்க அரசு, எலும்பு மஜ்ஜையில் தோன்றும் ஒருவகை இரத்த நோய்க்கு அதை ஏற்றது. 2006-இல் அதன் உறவு மருந்தான டெசிட்டபினும் ஏற்கப்பட்டது. ஆயினும் இவற்றை வாய்ப்புற்றுக்கு மருந்தென எவரும் எண்ணிவிடலாகாது. வாய்ப்புற்றுக்கு அறுவையும் கதிர்வீச்சும் அவற்றோடு சேர்ந்த மருந்துகளுமே மருத்துவம். விரைந்து சென்றால் அவை நல்ல பயன் தருகின்றன.

மருந்தினும் மலிவான ஒரு வழி உண்டு. 2016-இல், ஏறத்தாழ 16,000 பேரின் இரத்தத்தை ஆராய்ந்து வெளியான ஆய்வு ஒன்று, புகைப்பிடிப்போரின் டி.என்.ஏ.யில் மாறிப்போன மெத்தில் குறிகளுள் பெரும்பாலானவை, பழக்கத்தை விட்ட 5 ஆண்டுகளுக்குள் பழைய நிலைக்குத் திரும்பியதைக் காட்டியது. சில மட்டும் 30 ஆண்டுகளுக்குப் பின்னும் மறையவில்லை. இது புகைத்தலையும் இரத்த அணுக்களையும் பற்றியது. மெல்லுவோர் கதுப்புக்கு அப்படியே பொருந்தும் என்று நாம் கூற வரவில்லை. எனினும் உடல் தன் பலகைகளைத் தானே உயர்த்திக்கொள்ள முயல்கிறது என்பதும், நாம் விடும் நாளிலிருந்தே அம்முயற்சி தொடங்குகிறது என்பதும் இதனால் விளங்கும். "நாற்பது ஆண்டு மென்றாகிவிட்டது, இனி விட்டு என்ன பயன்?" என்று கேட்கும் முதியவர்களுக்கு இதனினும் நல்ல மறுமொழி இல்லை.

இல்லத்தில் செய்ய வேண்டியவை

உடலின் உள்ளுறுப்புகளில் வரும் புற்றைக் காண மருத்துவரின் கருவி வேண்டும். வாயைக் காண ஒரு கண்ணாடியும் பகல் வெளிச்சமும் போதும். மெல்லும் பழக்கமுள்ள பெரியவர்களின் வாயை, திங்களுக்கு ஒருமுறை மகனோ மருமகளோ பேத்தியோ பரிவோடு பார்த்து வருவது நல்லது. துடைத்தாலும் போகாத வெண்படை, பட்டுப்போன்ற செம்படை, இரண்டு மூன்று வாரங்களாகியும் ஆறாத புண், மிளகாய்க் காரம் பட்டவுடன் தாங்கொணா எரிச்சல், மூன்று விரல்களை நிறுத்தி வாய்க்குள் விட இயலாதபடி வாய் குறுகிப்போதல், கழுத்தில் வலியில்லாத கட்டி ஆகியவற்றுள் ஒன்றைக் கண்டாலும் அரசு மருத்துவமனைக்கோ பல் மருத்துவரிடமோ உடனே அழைத்துச் செல்ல வேண்டும். வலி இல்லையே என்று இருந்துவிடலாகாது. தொடக்கத்தில் வலி இல்லாதிருப்பதே இந்நோயின் சூழ்ச்சி.

கொடிக்கால் அழிய வேண்டுமென்று நாம் எழுதவில்லை. மணவீட்டுத் தட்டில் அந்தப் பசுமை வந்து இருக்கட்டும்; உறவு கலந்ததற்கு அடையாளமாக இலை கைமாறட்டும். பாக்கும் புகையிலையும் சிறார் கைக்கு எட்டாதிருக்கட்டும். கடைகளில் சரம் சரமாகத் தொங்கிய பாக்குப் பொட்டலங்களும் குட்காவும் பள்ளி மாணவர்களைக்கூடப் பற்றிய காலத்தை நாம் மறக்கலாகாது. 2013-இல் தமிழக அரசு குட்காவுக்குத் தடை விதித்தது. அரசின் தடையினும் வாப்பாவும் உம்மாவும் விதிக்கும் தடை வலியது.

முறை தவறி இறங்கிய மதகுப் பலகையால் கடைமடை வயல் காய்ந்தால், அந்த வயலின் மண்ணை எந்த உழவரும் பழிப்பதில்லை. தலைப்புக்குச் சென்று பலகை ஏன் இறங்கியது என்றே பார்க்கிறார். நோயுற்ற உறவினரிடமும் அந்த நியாயத்தோடு நாம் நடந்துகொள்வோமாக. அவருடைய குலத்தைப் பற்றிப் பேசாமல், கையைப் பிடித்து மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வோமாக.